சனிக்கிழமை பத்து மணிச் சத்தம்

அந்தப் பென்டிரைவில் அக்கா கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் இருக்கிறது. நான் எதையும் தொலைத்துவிடுவேன் என்று தெரிந்து கட்டியது. இப்போது அதற்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் என் கைப்பையில் சாவிகளோடு கிடக்கிறது. எடுத்து வைக்க மனம் வரவில்லை.

கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், சூரியனிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பதிவுசெய்யும் சின்ன நிலையம் ஒன்று உண்டு. ஓர் ஏரியல், ஒரு கணினி, ஒரு மின்விசிறி, அப்புறம் அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், முதல் நாளே என்னைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டவள். நான் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவள். எந்த நாட்டு விண்வெளி ஆய்வாளரும் அந்தப் பதிவுகளை எடுத்துப் பயன்படுத்த ஓர் இணையச் சேவையை உருவாக்குவது எங்கள் வேலை. நிலையத்துக்கு இணைய இணைப்பு வரும்வரை, சனிக்கிழமைதோறும் செரண்டாவில் என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்ப் பென்டிரைவில் வாங்கி வருவேன். பத்து மணிக்குப் போய்ச் சேரும்போது அக்கா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருப்பாள். வேலை பத்து நிமிடம். பேச்சு மத்தியானம் வரைக்கும்.

அக்காவின் அப்பா அதே தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. பெரட்டு என்னும் காலை வருகைக் கணக்கெடுப்பில் ஆட்களை நிறுத்தி, வந்தவர் வராதவர் எல்லாரையும் குறித்துக்கொண்டவர். மகளுக்கும் அதே புத்தி. ஒவ்வொரு நாள் பதிவிலும் கடைசியாக இருக்கும் குறிப்புக் கட்டத்தில் எதையாவது எழுதிவைப்பாள்: மழை, லோரி போனது, கோயிலில் ஜெனரேட்டர். சேவைக்கு அந்தக் கட்டம் இடைஞ்சல் என்று எனக்குப் பட்டது.

"இதெல்லாம் டேட்டா இல்லக்கா, யாரும் படிக்க மாட்டாங்க" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"வந்ததையும் எழுதணும், வராததையும் எழுதணும் தங்கச்சி. நீ காட்டாட்டி போ, நான் எழுதுவேன்."

அந்தக் கட்டத்தைத் தளத்தில் தெரியாதபடி மறைத்துவிட்டேன். நானும் படிக்கவில்லை.

இணைப்பு வந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம். பதிவுகள் தாமாகவே வந்து சேர்ந்தன. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப இனிமே நீ வரமாட்டியா?"

"வருவேன் லா அக்கா, சும்மா வருவேன்."

போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே ஒரு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் நிலையத்துக்கு ஆள் வேண்டாம் என்று ஆகிவிட, அக்கா ஜொகூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

போன மாதம் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பழைய பதிவுகளில் சனிக்கிழமைகளில் மட்டும் பத்து மணிக்கு ஒரு கீற்று தெரிகிறதே, சூரியனில் ஏதாவது நடக்கிறதா? மறைத்து வைத்த கட்டத்தைத் திறந்து பார்த்தேன். "பத்து மணி. தங்கச்சி வந்தாள். மோட்டார் சத்தம்." சனிக்கிழமைதோறும் அதே வரி. என் ஓட்டை மோட்டாரின் மின்பொறி ஏரியலில் விழுந்து சூரியனோடு கலந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இணைப்பு வந்த பிறகு என்ன எழுதினாள் என்று அப்படியே கீழே போனேன். "பத்து மணி. தங்கச்சி வரவில்லை. சத்தம் இல்லை." அடுத்த சனியும் அதுதான். அதற்கடுத்த சனியும். நிலையத்தை விட்டுப் போகும்வரை ஒரு வாரம்கூட அவள் விடவில்லை. மேசையில் தலைகவிழ்ந்து அழுதேன்.

ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கட்டத்தை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிட்டேன். ஜொகூரில் எங்காவது உட்கார்ந்து அக்காவும் ஒருநாள் பார்க்கமாட்டாளா என்று ஏக்கமாக இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை பென்டிரைவை எடுத்துக்கொண்டு மோட்டாரில் போனேன். வழியில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம் வாங்கினேன். கேட் பூட்டிக் கிடந்தது. செய்யக் கூடாத காரியம்தான், ஆனாலும் மோட்டாரை அணைக்காமல் ஏரியல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தச் சனிக்கிழமைப் பதிவைத் திறந்தேன். பத்து மணிக்குக் கீற்று இருந்தது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நானே எழுதினேன்: "பத்து மணி. தங்கச்சி வந்தாள். அக்கா இல்லை."