டிராக்டர் திறப்பு

புல்வெளிப் பறவைகள் தரையில்தான் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை புல்லை வெட்டாதீர்கள் என்று மொன்றியலைச் சுற்றியுள்ள பண்ணைக்காரர்களைக் கேட்பது என் வேலை.

அன்று காலை, பின்னேரம் மழை என்று வானொலி சொன்னதும் காரில் புறப்பட்டோம். ஒரு பண்ணைக்காரருக்கு நான் சொல்லியிருந்த தவணை முடிந்துவிட்டது. அவருடைய புல்வெளியில் ஒரு கூட்டுக் குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை.

"இன்னும் ஒரு கிழமை கேக்கப்போறீரோ? அந்த மனுசன் ஏசுவார்," என்றார் காரோட்டிய என் கணவர்.

பண்ணைக்காரர் டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்தார். புல் முற்றிப்போயிருந்தது. அது நனைந்து பழுதானால் மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் இல்லை. நான் காரிலிருந்து இறங்கி அவரருகே போனேன்.

"பறந்திட்டுதுகளோ?" என்று அவரே பிரெஞ்சில் கேட்டார்.

"இன்னும் இல்லை."

வானத்தைப் பார்த்தார். பிறகு டிராக்டரின் திறப்பைக் கழற்றி, அந்தச் சாவியை என் கையில் வைத்தார்.

"என்னட்டை இருந்தால் வெட்டிப்போடுவன். பறந்த பிறகு கொண்டுவாங்கோ."

பின்னேரம், சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டு யன்னலில் மழை அடித்தது. அதுவரை குஞ்சுகளுக்காக மட்டுமே கவலைப்பட்டவள் நான். திறப்பைக் கைக்குள் பொத்தியபடி, முதல்முறையாக அவருடைய மாடுகளுக்காகப் பயந்தேன்.