பாலைவனத்தில் வசந்தாக்கா வைத்த படையல்

நான் திருநின்றவூர் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது வசந்தாக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க, ஆன்ட்டி." வந்த ரயிலில் ஏறத் தோன்றவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. கனவில் நடப்பதுபோல ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள்.

அம்பத்தூர் கம்பெனியில் அவரோடும் என்னோடும் தையல் மெஷினில் உட்கார்ந்த உங்களுக்கு அக்காவின் வாய் தெரியும். "ஊசிதான்டி ஒடஞ்சிது, நீ இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்பார். அவருடைய அண்ணனைப் பற்றித்தான் பலருக்குத் தெரியாது. பாரிவாக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர், எழுபத்தொன்றில் மேற்கு எல்லைச் சண்டையில் இறந்துவிட்டார். தந்திதான் வந்தது, உடல் வரவில்லை. அக்காவின் அம்மா கடைசிவரை நம்பவில்லை. படையல் என்று பேச்செடுத்தாலே, "உசுரோட கீற புள்ளைக்கு இன்னாத்துக்குடி படையல்?" என்று எரிந்து விழுவாராம்.

தொண்ணூறு தாண்டி அந்த அம்மா கண்ணை மூடினார். மறு வருடமே, அண்ணன் விழுந்த மண்ணில் அவருக்கு ஒரு வாய் சோறு வைத்துவிட வேண்டும் என்று அக்கா கிளம்பினார். எனக்கு இந்தி வரும் என்பதால் நானும் போனேன். அண்ணனுக்குப் பிடித்த கருவாட்டை வறுத்து எடுத்து வந்தார். வழி முழுக்க ரயில் பெட்டியே எங்களைத் திட்டியது.

பாலைவனத்தில் அந்தப் போர்க்களத்தின் வாசலிலேயே பார்வையாளர் மையம். குளுகுளு அறையில், கண்ணாடிக்குள் மணல்மேடுகளும் குட்டிக் குட்டி டாங்கிகளும் சிப்பாய்களும், சிவப்பும் பச்சையுமாய் மினுங்கும் விளக்குகளும். வழிகாட்டி வெற்றியை விவரித்துக்கொண்டே போனார். அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "சண்ட நடக்க சொல்லோ இவங்கல்லாம் சாப்ட்டாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். வழிகாட்டி அடுத்த டாங்கியைக் காட்டினார்.

வெளியே, பதுங்குகுழிக்குப் பக்கத்தில், வாடிப்போன வாழை இலையை விரித்துப் புளிச்சோறும் கருவாடும் வைத்தார். "அண்ணாத்தே, சாப்டு. அம்மா இனிமே கோச்சிக்காது."

காக்கைக்காகக் காத்திருந்தோம். அந்த வெளியில் ஒரு காக்கைகூட இல்லை. வானமும் மணலும் ஒரே நிறமாகி, எந்த ஊரில், எந்த வருடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது. அப்போது காற்று எழுந்து சோற்றின் மேல் மணலைத் தூவியது. நான் பதறி முந்தானையால் மறைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுடி. வந்துட்டாரு."

அந்தச் சோற்றில் ஒரு பிடி எடுத்து எனக்கு ஊட்டினார், தானும் தின்றார், அழுதார். அவ்வளவு நிம்மதியாக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பிடிதான். இன்னும் பல்லில் நறநறக்கிறது.