என் பக்கம் என்று சொன்ன செல்வமணி

ஏரியூர் பால் நிலையத்தில் அளவு பதியும் மாதம்மாள் போனில் அழுதார். "செல்வமணி சார் போயிட்டாருங்க." பெங்களூரில் மாரடைப்பாம். எனக்கு அழுகை வரவில்லை. அதியமான்கோட்டை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அதன் காரணம் பாதிதான் தெரியும்.

நம் பால் நிறுவனத்தில் கணினிப் பிரிவு அவர் பொறுப்பு; கொள்முதல் என் பொறுப்பு. பழைய சர்வர் தடுமாறியபோது, இன்டர்நெட் வழியே வெளிக் கம்பெனிக் கணினிகளில் கணக்கை வைக்கும் கிளவுடுக்கு மாற முதலாளி முடிவெடுத்தார். எந்த வகை என்பதுதான் கேள்வி. செல்வமணி எனக்கு விளக்கினார்: "பப்ளிக்குன்னா பல குடித்தனம் இருக்கற வாடகை வூடுங்க. பிரைவேட்டுன்னா நமக்கே நமக்குன்னு தனி வூடு. ஹைபிரிட்டுன்னா முக்கியமானத நம்மகிட்ட வெச்சுக்கிட்டு மிச்சத்த வாடகை வூட்டுக்கு அனுப்பறது."

ஏரியூர்ப் பக்கம் இன்டர்நெட் அடிக்கடி போய்விடும். பால் அளவு மட்டும் நிலையத்துக் கணினியிலேயே பதிவாகட்டும் என்றேன். "அப்ப ஹைபிரிட்டுதாங்க சரி. கூட்டத்துல நான் உங்க பக்கந்தான்" என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

கூட்டத்தில் முதலாளி கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "எல்லாத்தையும் பப்ளிக் கிளவுடுக்கே கொண்டுபோயிடலாங்க. இவருக்குக் கம்ப்யூட்டர்னாலே பயம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

அடுத்த மாதமே, கிளவுடுக்கு மாற்றும் வேலையை எடுத்த பெங்களூர்க் கம்பெனியில் அவர் சேர்ந்தார். கூட்டத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை ஏரியூரில் இன்டர்நெட் லைன் போனது. அளவு பதிவாகாமல் பெண்கள் கேன்களோடு நின்றார்கள். பலருடைய பால் திரிந்துபோனது. "செல்வமணி சார் இருந்திருந்தா இப்படி வுட்டிருப்பாருங்களா?" என்று மாதம்மாள் என்னைக் கேட்டார். 

பிறகு ஒருமுறை தீர்த்தமலைக் கோயில் படியில் செல்வமணி குடும்பத்தோடு எதிரே வந்தார். "ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்றேன். "முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வுட்டிருக்க மாட்டீங்க" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, திருநீற்றை நீட்டினார். வாங்காமல் இறங்கிவிட்டேன்.

நேற்று ஏரியூரில் அவர் படத்துக்கு மாலை போட்டு, என்னைப் பேசச் சொன்னார்கள். கணினியைத் தொட்டே அறியாத மாதம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பா அமுத்துனா மறுபடி அமுத்துங்க அக்கா, மெஷின் திட்டாது" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அது பொய்யில்லை.

மற்றதை உங்களிடம் சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தக் கோபம். சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள இனி ஆள் இல்லை.