மார்கரிட்டாவும் அப்பாவின் வழக்கும்

நகரத்தின் நடுவில் ஒரு பாரில் நின்று மது கலந்து கொடுப்பது என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மார்கரிட்டாதான் அதிகம் போகும்: டெக்கீலா, தேசிக்காய்ப் புளி, தோடம்பழ வாசமுள்ள இன்னொரு மது, கிளாஸின் விளிம்பில் உப்பு. இதை முதலில் செய்தது யார் என்று யாராவது கேட்காத கிழமை இல்லை. மெக்சிக்கோ எல்லையில் ஒருவர் வேறு எதையோ செய்யப்போய் இது வந்ததாம். இல்லை, வேறு எந்த மதுவும் ஒத்துக்கொள்ளாத ஒரு நடிகைக்காகச் செய்ததாம். இல்லவே இல்லை, டெக்சாஸ் பணக்காரி ஒருத்தி தன் வீட்டு விருந்தில் கலக்கினாளாம். உரிமை கோருகிறவர்களை வரிசையில் விட்டால் வாசல் தாண்டி நிற்பார்கள். நான் கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு கதையை எடுத்துவிடுவேன்.

வீட்டில் இந்தக் கதைகளுக்கு ஒரே ரசிகர் அப்பா. அவர் குடிப்பதில்லை. ஆனால் ஒருவர் ஒன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டார். ஸ்பானிய மொழியில் மார்கரிட்டா என்றால் டெய்சிப் பூ. டெய்சி என்ற பெயரில் பழைய மதுவகை ஒன்று முன்பே இருந்தது. அதில் பிராண்டிக்குப் பதிலாக டெக்கீலாவை ஊற்றினால் ஏறக்குறைய இதுதான்.

"பேரிலையே விடை கிடக்கு. மற்றதெல்லாம் புளுகு," என்று தீர்ப்புச் சொன்னார்.

இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவர், வெளியாட்களிடம் மட்டும் மகளின் வேலையை "ஹோட்டல் மனேஜ்மென்ட்" என்றே சொல்லிவந்தார். அம்மாவும் ஒத்துப் பாடுவார். நான் சிரித்துவிட்டு இருந்துவிடுவேன். ஆனால் உள்ளுக்குள் சுடும். நான் என்ன களவா எடுத்தேன்? கால் கடுக்க நின்று உழைக்கிறேன். அதை அப்பா ஒருதரமாவது வாய்விட்டுச் சொல்லமாட்டாரா என்றிருக்கும்.

போன கோடையில் மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு மூவரும் போயிருந்தோம். எங்கள் மேசையில் அப்பாவின் பள்ளித் தோழர், மார்கரிட்டாவும் கையுமாக இருந்தார். இரண்டு மிடறு உள்ளே போனதும் அவருக்கு வரலாறு வந்துவிட்டது.

"உது ஒரு நடிகைக்காகவெல்லோ முதன்முதல் செய்தது."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"உது பிழை," என்றார்.

"நீர் வாயிலை வைக்காத ஆள். உமக்கென்ன தெரியும்?"

"என்ரை மகளுக்குத் தெரியும். அவள் பாரிலை நிண்டு உதைச் செய்து குடுக்கிறவள். இந்தா இருக்கிறாள், கேளும்."

அம்மா மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தார். ஆனால் சொல் வெளியே போய்விட்டது. தோழர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீர் சொல்லும், பிள்ளை. ஆர் சரி?"

அப்பாவைப் பார்த்தேன். என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் பின்வாங்கவில்லை, என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"அப்பா சொல்லுறதுதான் சரி, அங்கிள்," என்றேன்.

காரில் வீடு திரும்பும்போது அம்மா வழியிலுள்ள வோபர்ன் வரை அப்பாவை ஏசிக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு சனமெல்லாம் கதைக்கப்போகுது."

"கதைக்கட்டும். பிழையாக் கதைக்காட்டிச் சரி," என்றார் அப்பா. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உண்மையா நான் சொன்னதுதானே சரி, பிள்ளை?"

"அது ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதப்பா."

"அப்ப ஏன் என்ரை பக்கம் சொன்னனி?"

"நீங்கள் என்ரை பக்கம் சொன்னனீங்கள்தானே."