கரும்புக்கு மேல் நான் கட்டிய ஒயர்

நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும். எங்கள் ஊர் மாரியம்மன் தடுத்தாள். இதைக் கோயிலில் எழுந்து நின்று சொல்ல என்னால் முடியாது. நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரமத்தி வேலூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. மாட்டுக்குப் புல் வெட்டும் மெஷின் ஓட்ட, மோட்டார் ரூமிலிருந்து தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ஒயர் இழுத்திருந்தேன். பம்புசெட்டுக்குக் கொடுத்த கரண்டை அப்படி எடுக்கக் கூடாது. தெரிந்தேதான் செய்தேன். கரும்பு வளர்ந்த பிறகு தோகைக்கு ஒரு முழம் மேலேதான் ஒயர் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மருந்தடிக்க ட்ரோன் வந்தது. ஓட்டியவர் மகளிர் குழுவைச் சேர்ந்த சுமதி. முப்பது வயது இருக்கும். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அதில் எங்கள் பகுதி கரண்டு ஆபீஸ் ஒயர்மேனும் இருந்தார், என் பங்காளி செல்வராசுவும் இருந்தான்.

"ஏனுங்கண்ணா, குறுக்கால ஒயரு ஏதாச்சும் போகுதுங்களா? எனக்குத் தெரியாதுங்க, நீங்கதான் சொல்லோணும்" என்று சுமதி கேட்டார்.

ஒயர்மேன் என்னையே பார்ப்பது போல் இருந்தது. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"பொண்ணு பாக்கப் போனப்பவே வாயத் தொறக்காதவனுங்க. அவனப் போயிக் கேக்கறீங்களே!" என்று செல்வராசு சிரித்தான்.

ட்ரோனுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். 'ஆத்தா, அந்த ஒயர் யார் கண்ணிலும் படக் கூடாது' என்று வேண்டினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூன்றாவது சுற்றில் படாரென்று சத்தம். ட்ரோன் ஒயரில் சிக்கிக் கரும்புக்குள் விழுந்தது. ஒயரும் அறுந்து விழுந்தது. அன்று விடியற்காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தேன். கரண்டும் இருந்தது.

"ஐயோ, என்ற மெஷினு!" என்று சுமதி கரும்புக்குள் ஓடினார்.

உள்ளே என்ன கிடக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. கண்ணை மூடினேன். 'ஆத்தா, ஊரே என்னைக் காறித் துப்பட்டும். அந்தப் பொண்ணைக் காப்பாத்து. எனக்குக் குரல் கொடு.'

"போகாத கண்ணு! அங்கயே நில்லு! தண்ணியில கரண்டு இருக்குது! ஒயரு நான் கட்டுனதுதான்!"

அது என் குரல் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. சுமதி நின்றுவிட்டார். ஒயர்மேன் மோட்டார் ரூமுக்கு ஓடி மெயினை நிறுத்தினார். பிறகு உள்ளே போய்ப் பார்த்தோம். சுமதி நின்ற இடத்துக்கு அடுத்த வரிசைச் சாலில் ஒயர் தண்ணீருக்குள் கிடந்தது. பக்கத்தில் இரண்டு தவளைகள் செத்து மிதந்தன.

"ஏனப்பா, அந்தப் புள்ள கேட்டப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் ஒயர்மேன். செல்வராசு தலை குனிந்துகொண்டான்.

சுமதி திட்டவில்லை. "உங்களைத்தானுங்கண்ணா கேட்டேன். ஊட்டுல எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க" என்றார்.

என் செலவில் ட்ரோனைச் சரிசெய்து கொடுத்தேன். மறுநாள் கரண்டு ஆபீசுக்கு நானே போய் நடந்ததைச் சொன்னேன். இப்போது எங்கள் பக்கம் எந்தத் தோட்டத்துக்கு ட்ரோன் வந்தாலும் முன்னாடியே போய்ச் சுற்றி நடந்து, ஒயர் போகும் இடத்தில் வெள்ளைத் துணி கட்டிய குச்சியை ஊன்றுகிறேன். தோட்டக்காரர் தயங்கினால் என் கதையைச் சொல்கிறேன். சொல்லும்போது முகம் சுடுகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் கேட்டதை அம்மன் கொடுக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவளுக்கு நன்றி சொல்கிறேன். உங்களுக்கும் வெளியே சொல்லக் கூசுகிற ஏதாவது இருக்கலாம். மறைத்துவிடு என்று அவளிடம் கேட்காதீர்கள். சொல்லத் தைரியம் கேளுங்கள். வாயில்லாத எனக்கே கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள். என்னைப் போல் கடைசி நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கேளுங்கள்.