சங்கிலி ஜெபத்தில் என் முறை

பெரியப்பாவும் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்தவர்கள். நான் சொல்வது தொண்ணூறுகளில் நடந்தது. பெஹாலாவில் பெரியப்பா வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஜெபக்கூட்டம் நடக்கும். பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடுவார்கள். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்குவார். பிள்ளைகள் நாங்கள் ஆமென் சொன்னால் போதும். எனக்குப் பத்து வயது நிரம்பியதும் அந்தச் சொகுசுக்குப் பெரியப்பா முடிவு கட்டினார்.

"ஏட்டி, அடுத்த வாரம் நீயும் வாயத் தொறந்து ஜெபிக்கணும். நாங்க போன பொறவு இதெல்லாம் யாரு பாப்பா?" என்றார்.

போவதைப் பற்றி யாராவது பேசினாலே அப்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். அப்பாவின் தொண்டையில் ஒரு கட்டி இருப்பதையும், அதை அந்த அடுத்த சனிக்கிழமை கழிந்த திங்கட்கிழமை அலிப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுக்கப் போவதையும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டிருந்தேன். அம்மா என்னைப் பிடித்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது, முக்கியமாகப் பெரியப்பாவிடம், அவருக்கு நெஞ்சு தாங்காது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு வங்காளம் கொட்டும், தமிழ் இடறும். ஆகவே அம்மா நான்கு வரி சொல்லிக்கொடுத்தாள். படிப்பில் ஞானம், பெரியவர்களுக்குச் சுகம், ஊழியங்களுக்கு ஆசீர்வாதம், இயேசுவின் நாமத்தில் ஆமென். பள்ளிக்கூட பஸ்ஸில்கூட அதையே முணுமுணுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. எனக்கு முன்னால் பெரியப்பா மகன், என் அண்ணன். அவன் வாயைத் திறந்து என் நான்கு வரிகளையும் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியம்மாவும் அம்மாவும் ஒரே ஊர் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சொன்னதையே திருப்பிச் சொன்னால் காப்பியடிப்பதாகும், அதுவும் ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது. யாரோ இருமினார்கள். அம்மா முழங்கையால் இடித்தாள்.

"ஆண்டவரே, எங்கப்பா சாகக் கூடாது. திங்கக்கிழம தொண்டக் கட்டிய அறுக்கும்போது நீங்க கூட நில்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஆமென் சொல்லவும் மறந்துபோனேன். அடுத்தது அம்மாவின் முறை, அவள் வாயே திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லை. கடைசியாக முடிப்பவர் பெரியப்பா. அவர் தொடங்கினால் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் பெரியம்மா எழுந்துபோய் டீயே போட்டுவிடுவார். அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வரி.

"இந்தப் பிள்ள கேட்டதயே நானும் கேக்கேன், ஆண்டவரே." அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டத்தையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். டீயோடு வந்த சிங்காடாவை, அந்த ஊர்ச் சமோசாவை, தொடாமல் வைத்தேன். வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று காத்திருந்தேன். விழாதது இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்பே பெரியப்பா வந்து நின்றிருந்தார், சவரம்கூடச் செய்யாமல். என்னைப் பற்றி அப்பாவிடம் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.