நாற்பத்தோராவது படம்

மாலை நாலு பத்துக்குச் செய்தி வந்தது. அறுவை சிகிச்சை அரங்கின் கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் என்னைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா அடிக்கடி சொல்வாள்: "பேயைக் காட்டவே வேணாம்டா. பேயைப் பார்த்துட்டு வந்தவன் மூஞ்சியைக் காட்டினா போதும்."

அக்கா முனைவர் பட்டத்துக்காக ஏழு வருடமாகத் திகில் கதைகளையும் பேய்ப் படங்களையும் ஆராய்ந்தாள். பூட்டிய அறை ஏன் நம்மைப் பயமுறுத்துகிறது என்பது அவள் கேள்வி. கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்த நேரம் போக மற்றதெல்லாம் அதற்குத்தான். ஆனால் அவளுக்குப் பயமே வராது. பிணம் எழுந்து உட்காரும்போது வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். அதனால் நான்தான் அளவுகோல்.

ஞாயிறு மதியம், ஜன்னலைக்கூடச் சாத்தாமல் படம் ஓடும். நான் அவள் மணிக்கட்டைப் பற்றும் நிமிடத்தை நோட்டில் குறித்துக்கொள்வாள்.

"ராத்திரி போட்டா இன்னும் நல்லா பயப்படுவேனே?"

"ராத்திரின்னா நீ பாத்ரூமுக்கே பயப்படுவ. பகல்ல பயந்தாதான் அது படத்தோட சாமர்த்தியம். கண்ணைத் திறடா, தொடைநடுங்கி!"

நாற்பது படங்கள் முடிந்தன. கடைசிப் படத்தை நான்தான் தலைவலி, வேலை என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அதற்குள் அவள் இதய வால்வு முந்திக்கொண்டது.

ஸ்ட்ரெச்சர் நகரும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன. பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மணி என்னடா?"

"பத்து நாப்பது."

"குறிச்சு வச்சுக்கோ," என்று சிரித்தாள். "வந்ததும் அந்தப் படத்தைப் பார்க்கறோம். டிமிக்கி குடுத்தே, தெரியும் சேதி."

நேற்று அவளுடைய பேராசிரியை போன் செய்தார். "ஆய்வேடு முழுக்க எழுதி முடிச்சிருக்கா தம்பி. அட்டவணையில ஒரு கட்டம்தான் பாக்கி. நாளன்னைக்குக் குடுத்துட்டா, அவ இல்லாட்டியும் அவ பேர்லயே பட்டம் வாங்கிடலாம். காலியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

இன்று மதியம் தனியாகப் படத்தைப் போட்டேன். எழுத்து ஓடும்போதே உள்ளங்கை வேர்த்தது. வெயில் கூடம் முழுக்க விழுந்திருந்தும், அக்காவின் அறைக்கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு பெண் பூட்டிய கதவை நோக்கி நடந்தாள். எனக்கு அது அறுவை சிகிச்சை அரங்கின் கதவாகத் தெரிந்தது. என் கை தானாகப் பக்கத்தில் நீண்டது. சோபா உறைதான் அகப்பட்டது.

படத்தை நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு என்று எழுதலாம். ஆனால் அது படத்தின் சாமர்த்தியம் இல்லை. அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். மறுபடி ஓட்டவும் கை வரவில்லை.

நாளை காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். நாற்பத்தோராவது வரியில் படத்தின் பெயர் அக்காவின் கையெழுத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கான கட்டம் காலி.